அமெரிக்க ராணுவத்தின் மனநல ஸ்கிரீனிங்: முதல் படிவத்தை நம்பாதீர்கள், இரண்டாவதைத் தவறவிடாதீர்கள்

அமெரிக்கப் படையில் வெளிநாட்டுப் பணிக்குப் போய்த் திரும்பும் சிப்பாய் யாரும் தப்ப முடியாத ஒரு இலவச சேவையைப் பற்றிய மதிப்பீடு இது: படிவத்தாலும் நேர்ப்பேச்சாலும் மனநலப் பாதிப்பைத் தேடும் ஸ்கிரீனிங். நமக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டம், கிரீன் கார்டு இல்லாதவர்களைக்கூட மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்து சீருடை போட்ட பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிள்ளையிடம் "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று அம்மா கேட்டால், "அதெல்லாம் ஃபார்ம் கொடுத்தாச்சும்மா" என்று பதில் வரும். அந்த ஃபார்ம் எவ்வளவு தேறும் என்பதுதான் கேள்வி.

சுருக்கமாக எங்கள் மதிப்பெண்: திரும்பிய சூட்டோடு நிரப்பும் முதல் படிவத்துக்கு, மனநலம் என்ற அளவில், ஐந்துக்கு ஒன்றரை. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும் இரண்டாவதுக்கு மூன்றரை. படிவத்துக்குப் பின் ஒரு மருத்துவப் பணியாளர் உட்கார்ந்து பேசும் அந்தச் சில நிமிடங்களுக்கு மதிப்பெண் போட முடியவில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது ஒன்றாகவும் இருக்கும், ஐந்தாகவும் இருக்கும்.

எத்தனை படிவம் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். புறப்படுவதற்கு 120 நாளுக்குள் ஒரு மனநல மதிப்பீடு உண்டு. கூடவே டிடி 2795 என்ற உடல்நலப் படிவம். திரும்பும்போது, வந்து சேரும் தேதிக்கு முன்னும் பின்னுமாக 30 நாளுக்குள், டிடி 2796; முதல் படிவம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். திரும்பி 90 முதல் 180 நாளுக்குள் டிடி 2900, அதாவது இரண்டாவது. அதன்பின் 181ஆவது நாள் முதல் 18 மாதத்துக்குள் ஒன்று, 18 முதல் 30 மாதத்துக்குள் இன்னொன்று. கடைசி இரண்டையும் பெரும்பாலும் ஆண்டு உடல்நலச் சோதனையோடு சேர்த்து முடித்துவிடுவார்கள். பணி நீண்டால், களத்தில் இருக்கும்போதே 180 நாளுக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்றும் 2019 தொடக்கம் வரை சட்டம் சொன்னது. தரைப்படை, விமானப்படை, கடற்படை ஒவ்வொன்றும் தனித்தனி இணையதளத்தில் இதை நிரப்பச் சொன்னாலும் உள்ளே இருக்கும் கேள்விகள் ஒன்றுதான்.

2796ஐத் திறந்தவுடன் மனநலம் கண்ணில் படாது. புகை, குப்பை எரித்த குழி, பூச்சிக்கடி, மணல் தூசி, தடுப்பூசி, யுரேனியம் கலந்த வெடிபொருள் என்று நீண்டுகொண்டே போகும். காரணம் 1991 வளைகுடாப் போர். அதிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கானோர் புரியாத உடல் உபாதைகளைச் சொன்னபோது, போவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்குச் சரியான பதிவே இல்லை. அந்தக் குட்டுக்குப் பிறகு 1997இல் நிறைவேறிய சட்டம்தான் முன்னும் பின்னும் மருத்துவ மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆகவே இந்தப் படிவம் பிறந்தது நோய்க்காரணம் தேடும் பதிவேடாக. மனநலம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2003இல் ஈராக் போர் தொடங்கியபோது படிவம் நான்கு பக்கமாக விரிந்து, மருத்துவப் பணியாளரை நேரில் பார்ப்பதும் கட்டாயமானது. 2005இல் இரண்டாவது படிவம் அறிவிக்கப்பட்டது. குண்டுவெடிப்பில் தலை அதிர்ந்ததா, நினைவு தப்பியதா என்ற மூளைக்காயக் கேள்விகள் 2008 திருத்தத்தில் சேர்ந்தன. ஆளோடு ஆள் பேசும் தனி மனநல மதிப்பீட்டை நாடாளுமன்றம் கட்டாயமாக்கியது அதற்கும் பிறகு.

இனி கேள்விகள். நாங்கள் நல்ல மதிப்பெண் கொடுக்கும் பகுதி இது. பிடிஎஸ்டி எனப்படும் போர் அதிர்ச்சிப் பாதிப்புக்கு வெறும் நான்கே கேள்வி, எல்லாமே கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. அந்தப் பயங்கரத்தைப் பற்றிக் கெட்ட கனவு வந்ததா, அல்லது வேண்டாமென்றாலும் நினைவு வந்ததா? அதை நினைக்காமலிருக்க, நினைவூட்டும் இடங்களுக்குப் போகாமலிருக்கப் பாடுபட்டீர்களா? எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுபவராக இருந்தீர்களா? மனிதர்களிடமிருந்தும் செய்யும் வேலையிலிருந்தும் விலகி, மரத்துப்போனது போல உணர்ந்தீர்களா? இரண்டுக்கு 'ஆம்' என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இதே கருவியின் புதிய பதிப்பில் ஐந்தாவதாகக் குற்ற உணர்வைப் பற்றியும் கேட்கிறார்கள்: நடந்ததற்காகத் தன்னையோ பிறரையோ பழி சொல்வதை நிறுத்த முடியவில்லையா என்று. களத்தில் தோழரை இழந்தவர்களிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

மனச்சோர்வுக்கு இரண்டு கேள்வி: எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. 'பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்' அல்லது 'கிட்டத்தட்ட தினமும்' என்று ஒன்றில் குறித்தாலும் அடுத்த கட்டம். குடிக்கு மூன்று கேள்வி: எவ்வளவு அடிக்கடி, ஒரு நாளில் எத்தனை கோப்பை, ஒரே மூச்சில் ஆறு அல்லது அதற்குமேல் குடித்தது எத்தனை முறை. மொத்தம் 12 மதிப்பெண். எட்டைத் தொட்டால் மேல் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது வழிகாட்டுதல்.

இரண்டாம் கட்டத்தில் பிடிஎஸ்டிக்கு 17 கேள்விகள் கொண்ட நீண்ட பட்டியலும் மனச்சோர்வுக்கு எட்டுக் கேள்விகளும் வரும். மனச்சோர்வு அளக்கும் அந்தப் பட்டியலின் பொது வடிவத்தில் ஒன்பது கேள்வி உண்டு. ஒன்பதாவது, தற்கொலை எண்ணம் பற்றியது. படிவத்தில் அதை எடுத்துவிட்டு, பேசும் பணியாளர் வாய்விட்டுக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு வட்டத்தைக் கிளிக் செய்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது என்பதால் இந்த ஏற்பாடு சரிதான். ஆனால் எதிரில் இருப்பவர் தலையைத் தூக்காமல் "தற்கொலை எண்ணம் எதுவும் இல்லைதானே?" என்று கேட்டால் அந்த நன்மை அத்தனையும் போச்சு. 'இல்லைதானே' என்று முடியும் கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர யார் என்ன சொல்வார்கள்?

மூன்றாம் கட்டம் நேர்ப்பேச்சு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இந்தத் தொல்லைகளால் வேலை செய்வதும் வீட்டைப் பார்ப்பதும் மனிதரோடு ஒத்துப்போவதும் எவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் பார்வையில் படிவத்திலேயே மிகப் பயனுள்ள வரி அதுதான். மதிப்பெண் நடுத்தரமாக இருந்து, அந்த வரியில் 'மிகவும் கஷ்டம்' என்று இருந்தால் அனுப்பியே ஆக வேண்டும். இந்தப் பேச்சை நடத்துபவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பொது மருத்துவர், பிசிஷியன் அசிஸ்டென்ட், நர்ஸ் பிராக்டிஷனர், தனித்துப் பணியாற்றப் பயிற்சி பெற்ற படை மருத்துவ உதவியாளர் என யாராகவும் இருக்கலாம். இதற்கென்று ஒரு பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருவி எவ்வளவு துல்லியம்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நான்கு கேள்விக் கருவியை 2003இல் முதலில் சோதித்தபோது, மூன்று 'ஆம்' என்பதை எல்லையாக வைத்தால், பாதிப்பு உள்ளவர்களில் 78 சதவீதத்தைப் பிடித்தது. இல்லாதவர்களில் 87 சதவீதத்தைச் சரியாக விட்டது. ஆயிரம் பேர் திரும்புகிறார்கள், நூறு பேருக்கு உண்மையிலேயே பாதிப்பு என்று வையுங்கள். 78 பேர் அகப்படுவார்கள், 22 பேர் தப்புவார்கள். மீதி 900 பேரில் 117 பேர் பாதிப்பில்லாமலே மாட்டுவார்கள். ஆக 'பாசிட்டிவ்' வந்த 195 பேரில் உண்மையான பாதிப்பு பத்தில் நான்கு பேருக்குத்தான். எனவே 'பாசிட்டிவ்' வந்தால் நோய் என்று அர்த்தம் இல்லை. உட்கார்ந்து பேச வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். 'நெகட்டிவ்' வந்தவரிலும் சிலர் தப்பியவர்கள். இந்தச் சல்லடை இவ்வளவுதான் சலிக்கும். எல்லையை இரண்டு 'ஆம்' என்று தாழ்த்தினால் தப்புகிறவர் குறைவார்கள், வீணாக மாட்டுகிறவர் கூடுவார்கள். அடுத்த கட்டத்தில் 17 கேள்வி காத்திருப்பதால் தாழ்ந்த எல்லையே இங்கே பொருத்தம்.

இந்தக் கணக்கு எல்லாமே உண்மையைச் சொல்கிறவர்களுக்கு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திரும்பிய முகாமில் நடப்பதைப் பாருங்கள். ஒரு பெரிய கூடத்தில் வரிசையாக மேசைகள். காது சோதனை, பல், ஊசி, ரத்தம். ரத்தத்தில் ஒரு பங்கு சீரமாகப் பிரிக்கப்பட்டு ராணுவத்தின் சேமிப்புக் கிடங்குக்குப் போகும். திரும்பி 30 நாளுக்குள் அதை எடுக்க வேண்டும் என்பது விதி. எல்லா மேசையிலும் கையெழுத்து விழுந்தால் விடுப்பு. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்காத ஆள், எந்தக் கேள்விக்கு 'ஆம்' போட்டால் எந்த மேசையில் இன்னும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வரிசையில் நிற்கும்போதே கற்றுக்கொண்டுவிடுவார். முன்னால் போய் வந்தவர் சொல்லிக்கொடுப்பார்: "எல்லாத்துக்கும் 'நோ' போடு, கெளம்பு." தவிர, வந்த முதல் வாரம் பலருக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். தூக்கம் கெடுவதும் வீட்டில் எரிந்து விழுவதும் விடுப்பெல்லாம் முடிந்து, வழக்கமான நாட்கள் தொடங்கிய பிறகு வருபவை.

இது ஊகம் இல்லை. வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தினர் 2007இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஈராக்கிலிருந்து திரும்பி இரண்டு படிவங்களையும் நிரப்பிய 88,235 தரைப்படையினரின் பதில்களை ஒப்பிட்டார்கள். இரண்டு படிவத்துக்கும் இடைவெளி சுமார் ஆறு மாதம். முதல் படிவத்தில் பிடிஎஸ்டி அறிகுறி சொன்னவர்களில் பாதிக்கு மேல் இரண்டாவதற்குள் தேறியிருந்தார்கள். ஆனால் முதலில் எதுவும் சொல்லாமல் இரண்டாவதில் அறிகுறி சொன்னவர்கள் அப்படித் தேறியவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மனைவி, குடும்பம், நண்பர்களோடு சண்டை என்ற கவலை நான்கு மடங்கு கூடியிருந்தது. இரண்டு படிவத்தையும் சேர்த்துப் பார்த்தால், சிகிச்சை தேவை என்று மருத்துவப் பணியாளர்கள் கருதியவர்கள் முழுநேரப் படையில் 20.3 சதவீதம், ரிசர்வ் படையில் 42.4 சதவீதம். முதல் படிவத்துக்கு ஒன்றரையும் இரண்டாவதுக்கு மூன்றரையும் நாங்கள் கொடுத்தது இதை வைத்துத்தான்.

இன்னொரு ஓட்டை, படிவத்தின் தலையிலேயே இருக்கிறது: பெயர். 2008இல் ஒரு காலாட்படைப் பிரிகேடில் வழக்கமான 2796ஐ நிரப்பியவர்களிடம், பெயரில்லாமல் அதே விஷயங்களைத் திரும்பக் கேட்டார்கள்; 1,712 பேர் பதில் சொன்னார்கள். மனச்சோர்வு, பிடிஎஸ்டி, தற்கொலை எண்ணம், சிகிச்சையில் விருப்பம் எல்லாமே பெயரில்லாத தாளில் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அறிகுறி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர், பெயர் போட்ட படிவத்தில் உண்மையை எழுதத் தயக்கமாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். படிவத்தின் நேர்த்திக்காக யார் எவ்வளவு மெனக்கெட்டாலும் இந்த ஒன்றைச் சரிசெய்ய முடியாது. பெயரை எடுத்துவிட்டால் யாருக்குச் சிகிச்சை கொடுப்பது?

குடிப் பகுதி தனி வேதனை. மேலே சொன்ன 2007 ஆய்விலேயே, குடி பற்றிய கவலையை எழுதியவர்கள் நிறைய. குடி சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. காரணம் ஒழுங்கமைப்பில் இருக்கிறது. போதை சிகிச்சையில் சேர்வது கமாண்டருக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்று. அது தெரிந்த சிப்பாய் கோப்பைக் கணக்கைக் குறைத்தே சொல்வார். தெரிந்த பணியாளரும் 'கொஞ்சம் குறைச்சுக்கோ' என்று ஒரு அறிவுரையோடு விட்டுவிடுவார்.

அனுப்பும் பழக்கத்திலும் சீரில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2006இல் பார்த்தபோது, ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்த 1,78,664 பேரில் 9,145 பேரின் பதில்கள் பிடிஎஸ்டி அபாயத்தைக் காட்டின. அவர்களில் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் 22 சதவீதமே. மற்றவர்களை ஏன் அனுப்பவில்லை என்பதற்கு ராணுவத்திடம் தெளிவான விளக்கம் இல்லை. சிலருக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம்; மதிப்பெண் மட்டும் போதாது என்று நாங்களே மேலே சொன்னோம். ஆனால் அந்தக் காரணம் எங்கும் எழுதப்படாவிட்டால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு என்ன தெரியும்? அதே ஆண்டு ஜாமாவில் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது இன்னும் கவனிக்கத்தக்கது: ஈராக்கிலிருந்து திரும்பியவர்களில் 35 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மனநல சேவைக்குப் போயிருந்தார்கள், அப்படிப் போனவர்களில் ஸ்கிரீனிங் வழியாக அனுப்பப்பட்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் தாங்களாகவோ மனைவி சொல்லியோ வேறு மருத்துவர் வழியாகவோ போனவர்கள். படிவம் ஒரு வாசல்தான், அதுவும் குறுகலான வாசல்.

பிரிட்டன் இதில் எதிர்த் திசையில் போனது. எல்லோரையும் ஸ்கிரீன் செய்வதால் பலன் உண்டா என்பதையே சோதிக்க, ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய தரைப்படை, ராயல் மரீன் வீரர்கள் 10,190 பேரை 434 பிளாட்டூன்களாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு சாரார் கணினியில் கேள்விகளுக்குப் பதில் சொன்னதும், அவரவர் பதிலுக்கேற்ற அறிவுரையைத் திரை காட்டியது. மறுசாராருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். பத்து முதல் 24 மாதம் கழித்துப் பார்த்தால் நோயிலும் வித்தியாசம் இல்லை, உதவி தேடிப் போனதிலும் வித்தியாசம் இல்லை. முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஸ்கிரீனிங்கே வீண் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. எங்களுக்கு அந்த அளவுக்கு ஒப்புதல் இல்லை. அங்கே பதிலைப் பார்த்துப் பேச ஆள் வரவில்லை. அறிவுரையைக் காட்டியதோடு கணினி ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்க முறையில் ஆள் இருக்கிறார். அதே சமயம், ஆள் இருப்பதால் நோய் குறைகிறது என்று அதே தரத்தில் நிரூபித்த சோதனை எதையும் அமெரிக்கத் தரப்பு முன்வைத்ததில்லை. கட்டாயச் சட்டம் வந்துவிட்ட பிறகு ஒரு சாராரைக் கேட்காமல் விட்டுச் சோதிப்பதும் எளிதல்ல.

சரி, நிரப்பப் போகிறவருக்கு.

முதல் படிவத்தை நிரப்பும்போது மனநலப் பகுதியைவிடத் தலையடி, வெடிப்பு, புகை, காது, முட்டி, முதுகு பற்றிய பகுதிகளைக் கவனமாக எழுதுங்கள். குண்டு வெடித்தது எந்தத் தேதி, எவ்வளவு தூரத்தில், எத்தனை நொடி நினைவில்லை என்பது ஆறு மாதம் கழித்து மறந்துபோகும். மூளைக்காயமும் பிடிஎஸ்டியும் தூக்கக் கேடு, எரிச்சல், மறதி என்று ஒரே முகத்தைக் காட்டும். முதல் படிவத்தில் வெடிப்பு பதிவாகியிருந்தால்தான் பின்னால் மருத்துவர் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

கேள்விகள் எல்லாம் கடந்த ஒரு மாதம் அல்லது இரண்டு வாரத்தைப் பற்றியவை. களத்தில் இருந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு பதில் போடாதீர்கள். 'அங்கே எல்லாருக்கும் அப்படித்தான்' என்று கழித்தும் விடாதீர்கள். கடைசிப் பகுதியில், ஸ்ட்ரெஸ், மன உளைச்சல் அல்லது குடி பற்றித் தகவலோ உதவியோ வேண்டுமா, குடும்ப உறவு பற்றி வேண்டுமா, படைப் பாதிரியாரையோ ஆலோசகரையோ பார்க்க விருப்பமா என்று சில பெட்டிகள் வரும். அறிகுறிக் கேள்விகளுக்கு 'ஆம்' போடத் தயங்குகிறவர்கள் இதில் ஒன்றையாவது டிக் செய்யலாம். நோய் எதையும் ஒப்புக்கொள்ளாமலே பேச்சைத் தொடங்க அது வழி.

பயத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். கமாண்டருக்கு எதுவுமே போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாமே போகும் என்பதும் பொய். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, பணிக்கு ஆபத்து, மருத்துவமனையில் அனுமதி, அணு ஆயுதம் போன்ற சிறப்புப் பொறுப்பு, போதை சிகிச்சை என்பன போன்ற சில நிலைகளில்தான் தெரிவிக்க வேண்டும் என்று 2011 முதல் விதி இருக்கிறது. அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம். பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்எஃப் 86 படிவத்தின் 21ஆவது கேள்வியில், போர் தொடர்பான கவுன்சலிங்கை எழுதத் தேவையில்லை என்று 2008இலேயே அப்போதைய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் அறிவித்துவிட்டார். நிஜமான இழப்பு ஒன்று உண்டு: சிகிச்சையோ மருந்தோ மாறினால் மூன்று மாதம் நிலையாக இருந்து காட்டிய பிறகுதான் அடுத்த களப்பணிக்குப் போகலாம். தன் அணி புறப்படும்போது பின்தங்க விரும்பாதவர் இதற்காகவே மறைப்பார். அவருக்கு எங்கள் பதில்: 90ஆவது நாளிலேயே சொன்னால் அந்த மூன்று மாதம் அடுத்த பயணத்துக்கு முன்பே ஓடிவிடும்.

படிவத்தில் எழுதவே மனமில்லை என்றால் வேறு வாசல்கள் உண்டு. படைப் பாதிரியாரிடம் சொன்னது வெளியே போகாது. மதம் வேறாக இருப்பதும் தடையில்லை. 2022ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் வந்த பிரான்டன் சட்டத்தின்படி, இ-5க்கு மேற்பட்ட தரநிலையில் உள்ள மேலதிகாரி யாரிடமும், காரணம் சொல்லாமலே, மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி கேட்கலாம். அவர் அனுப்பியாக வேண்டும். களப்பணியில் இருந்தவர்களுக்கு வெட் சென்டர் என்ற இலவச ஆலோசனை நிலையங்கள் உண்டு. அங்கே உள்ள கோப்பு உங்கள் அனுமதியில்லாமல் ராணுவத்துக்கும் போகாது, விஏ எனப்படும் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைக்கும் போகாது. உடனடி ஆபத்து என்றால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்த வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.

ரிசர்வ், நேஷனல் கார்டு ஆட்களுக்கு இந்தச் சேவை குறிப்பாகச் சறுக்கும் இடம் காலண்டர். முழுநேரச் சிப்பாய் முகாமிலேயே இருப்பார்; ரிசர்வ்காரர் ஊருக்குப் போய்ப் பழைய வேலையில் சேர்ந்திருப்பார், அக்கம்பக்கத்தில் போரைப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். இரண்டாவது மதிப்பீடு அவருக்குப் பெரும்பாலும் ஃபோனில் நடக்கும். மனைவி, பிள்ளைகள் சூழ ஹாலில் உட்கார்ந்து அந்த ஃபோனை எடுக்காதீர்கள். தற்கொலை பற்றிய கேள்வி அதில் வரும். முழுநேரப் பணியிலிருந்து விடுபட்ட பின் இடைக்கால டிரைகேர் மருத்துவக் காப்பு 180 நாள்தான். படிவத்துக்கான கெடுவும் 180ஆவது நாள் வரை இருப்பதால் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். அப்போது 'பாசிட்டிவ்' வந்து அனுப்பினால், அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் காப்பு முடிந்திருக்கும். 90ஆவது நாள் தாண்டியதும் நிரப்புங்கள். கூடவே, இது பணியின்போது வந்த பாதிப்பு என்று பதியும் 'லைன் ஆஃப் டியூட்டி' தீர்மானத்தை யூனிட்டில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பின்னால் சிகிச்சைச் செலவுக்கு அலைய நேரும்.

அனுப்பப்பட்டவர் அங்கே என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2023இல் வந்த ராணுவ, விஏ கூட்டு வழிகாட்டுதலில் பிடிஎஸ்டிக்கு முதலிடம் மூன்று பேச்சு சிகிச்சைகளுக்கு: தவிர்த்து வந்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பது ஒன்று, நடந்ததைப் பற்றிய தவறான முடிவுகளை எழுதி ஆராய்வது இன்னொன்று, கண் அசைவோடு நினைவைக் கையாளும் இஎம்டிஆர் மூன்றாவது. மருந்து என்றால் செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரை எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள். பிடிஎஸ்டிக்கு அது வேண்டாம் என்றே அந்த வழிகாட்டுதல் சொல்கிறது.

நிரப்பிய ஒவ்வொரு படிவத்தின் நகலையும் அன்றே பிடிஎஃப்பாக இறக்கி, ராணுவ மின்னஞ்சலில் அல்லாமல் சொந்தக் கணக்கில் வையுங்கள். படையை விட்டு விலகும்போது ராணுவ மின்னஞ்சல் மூடப்படும். விஏவில் இழப்பீடு கேட்கும்போது இந்தத் தாள்களை எடுத்துப் பார்ப்பார்கள். 2796இல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று இருப்பதாலேயே கோரிக்கை செத்துவிடாது. ஆனால் 2900இல் 'ஆம்' என்று பதிவாகியிருந்தால், அறிகுறி எப்போது தொடங்கியது என்ற வாதம் பாதி முடிந்த மாதிரி. களப்பணி முடித்து விலகியவர்களுக்கு விஏ மருத்துவத்தில் சேர முன்பு ஐந்தாண்டு சலுகைக் காலம் இருந்தது. 2022இல் வந்த பாக்ட் சட்டம் அதைப் பத்தாண்டாக்கியிருக்கிறது. அந்தக் காலத்துக்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள், இப்போதைக்கு எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும்.